விசிறி மாட்ட நம்ம ஊர்ப் பையன் போதுமா?

நான் 1988-இல் பெங்களூர் வந்து இறங்கியபோது மடிவாளாவில் பிடித்த ஒற்றை அறையில் விசிறிக்குக் கொக்கியே கிடையாது. அரூர்ப் பக்கத்திலிருந்து பார்க்க வந்த என் தகப்பனார் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்தாடி இல்லாத ஊட்டுக்கா இவ்வளோ அட்வான்ஸ் குடுத்திருக்கே?" என்று கேட்டார். அன்றிரவே அவருக்குப் போர்வை தேவைப்பட்டது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3000 அடி மேலே இருக்கிற ஊர் இது. விசிறி கொசுவை விரட்டத்தான், காற்றுக்கு அல்ல என்று அந்த நாளில் நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது உண்டு.

அந்த வேடிக்கை இனிச் செல்லாது. 2016 ஏப்ரலில் இந்நகரில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் 38 டிகிரியைத் தாண்டியது. அதிலும் பொம்மனஹள்ளி போன்ற பகுதியில் குடியிருப்பவர்களின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. ஓசூர் ரோட்டை ஒட்டி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, அவற்றுக்குப் பின்னால் சந்து சந்தாக மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரை இது தனி நகரசபையாக இருந்த இடம். முப்பதுக்கு நாற்பது மனையில் ஆறு குடும்பங்கள். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை. கடைசி மாடியில் ஷீட் போட்ட வீடு. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்களே.

இப்படிப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு பொருள் வேகமாகப் பரவி வருகிறது. கூரையோடு ஒட்டினாற்போல் மாட்டி, அடியில் விளக்கும் வைத்த விசிறி. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தலைக்கு மேல் வரிசையாகத் தொங்குகிறது. ஒரே அறைதான் கூடம், படுக்கை அறை, பிள்ளைகள் படிக்கும் இடம் எல்லாம் என்று இருக்கும் குடும்பத்துக்கு ஒரே இடத்திலிருந்து காற்றும் வெளிச்சமும் கிடைப்பது வசதிதான். தாழ்வான கூரையானாலும் தலை இடிக்காது. பொருளின் மேல் எனக்குக் குறை இல்லை. சொல்லப்போனால் நம் பகுதிக்கும் இதற்கும் ஓர் உறவுகூட உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஃபிலிப் டீல் என்பவர் சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனியில் பொறியாளராக இருந்தார். தையல் இயந்திரத்துக்கென்று செய்த மோட்டாரில் இறக்கைகளைப் பூட்டி அவர் கூரையில் தொங்கவிட்டது 1880-களில். பிறகு விளக்கையும் அதிலேயே சேர்த்தார். பொம்மனஹள்ளியில் பகலெல்லாம் மோட்டார் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு வரும் நம் பெண்கள் இரவில் அந்த மோட்டாரின் பங்காளிக்குக் கீழேதான் படுக்கிறார்கள்!

நான் சொல்ல வந்தது அதை யார் மாட்டுகிறார்கள், எப்படி மாட்டுகிறார்கள் என்பதைப் பற்றி. என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

இரண்டு வருடம் முன்பு நாங்களும் ஒன்று வாங்கினோம். மாட்டித் தர யாரைக் கூப்பிடுவது? வழக்கம்போல் விசாரித்து, "நம்ம ஊர்ப் பையன்" ஒருவனைப் பிடித்தோம். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், கூலியும் குறைவு. பழைய விசிறியைக் கழற்றியதும் மேலே பைப்பிலிருந்து மூன்று கம்பிகள்தான் வந்தன. விசிறிக்குப் போகிற மின்கம்பி ஒன்று, நியூட்ரல் ஒன்று, பச்சை நிற எர்த் கம்பி ஒன்று. விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டுமென்றால் இன்னொரு கம்பி தேவை. பையன் யோசிக்கவே இல்லை. பச்சைக் கம்பியை விளக்குக்குக் கொடுத்துவிட்டான். "எர்த்து வேணாமாப்பா?" என்று கேட்டேன். "அது சும்மா சேஃப்டிக்குத்தான் மாமா. ஒண்ணும் ஆவாது" என்றான். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

சென்ற போகிக்கு முதல் நாள் என் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு சுவிட்சும் அணைத்துத்தான் இருந்தன. விழாமல் இருக்க இடது கையால் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். ஷாக் அடித்துக் கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்ததால்தான் பிழைத்தாள் என்று பின்னால் தெரிந்தது. சன்னல் கம்பியிலிருந்து கை வந்துவிட்டது அல்லவா?

சுவிட்சை அணைத்த பிறகும் எப்படி மின்சாரம் வந்தது? மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. கூரையோடு ஒட்டி மாட்டுகிற விசிறியில் தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே இடமே இருக்காது. இணைப்புகளை எல்லாம் அதற்குள் திணிக்க வேண்டும். திணித்ததில் ஒரு கம்பி தகட்டின் விளிம்பில் நசுங்கி, மேலுறை கிழிந்து, விசிறியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் கம்பி தன் வேலையில் இருந்திருந்தால் அந்த மின்சாரம் பூமிக்குப் போய் உடனே ஃபியூசோ எம்.சி.பி.யோ விழுந்திருக்கும். அது விளக்கு எரிக்கப் போய்விட்டது. மூன்றாவது, வீடு கட்டிய நாளிலேயே நேர்ந்தது. சுவிட்ச் மின்கம்பியில் இருக்க வேண்டும். அந்த போர்டில் அது நியூட்ரலில் இருந்தது. அணைத்தால் விசிறி நிற்கும், ஆனால் மின்சாரம் மேலேயே நிற்கும். இது பல வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. கொக்கியில் நீளக் குழாயில் தொங்கிய பழைய விசிறியில் கம்பிகளுக்கு இடம் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

இதைக் கேட்டதும் "அந்தப் பையனை விட்டிருக்கக் கூடாது" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அவன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கத் தயாராக இல்லை. அவனிடம் வயர்மேன் பர்மிட் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர், யார் மகன், யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டேன். நம்மில் பலரும் அப்படித்தானே? அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்நகரில் நடந்தவற்றைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாங்கள். முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விட அப்போது பயந்தோம். பயம் போய் வருடங்கள் ஆகிவிட்டன, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. காய்கறிக்கும் கல்யாணத் தரகருக்கும் அது சரி. மின்சாரத்துக்கு நம் பாஷை தெரியாது.

சட்டத்தில் இதற்கு ஓர் அழகான பாகுபாடு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, மின்வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும் என்றது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்தபடியே மாற்றுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இணைப்பின் தன்மை மாறக்கூடாது என்பது நிபந்தனை. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் இதே விலக்கு இருந்தது. அதாவது விசிறியைக் கழற்றி அதே இடத்தில் வேறு விசிறி மாட்ட யார் வேண்டுமானாலும் ஸ்டூலில் ஏறலாம். ஒரு பாயிண்ட் இருந்த இடத்தில் இரண்டு பாயிண்ட் ஆக்கும்போது அது வேறு வேலை. விளக்கு வைத்த விசிறி சரியாக இந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கிறது. பார்க்க விசிறி மாற்றுவது போலத்தான் இருக்கும், உள்ளே புதிய வயரிங். கர்நாடகத்தில் பர்மிட்டும் உரிமமும் கொடுப்பது மாநில அரசின் மின் ஆய்வுத் துறை. அந்த அட்டையைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொந்தக்காரப் பையன் என்றால் அந்தப் பர்மிட்டை வாங்கச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், பரீட்சைக்குப் பணம்கூடக் கட்டுங்கள். ஸ்டூலில் ஏற்றுவது அதற்குப் பிறகு.

இன்னொன்று, இந்த ஒட்டு விசிறி பல வீடுகளுக்குத் தேவையே இல்லை. இறக்கை தரையிலிருந்து ஏழு அடிக்குக் கீழே வரக்கூடாது என்பது பொதுக் கணக்கு, எட்டு அடி இருந்தால் நிம்மதி. நம் வீடுகளில் கட்டில்மேல் ஏறிக் கொசுவலை கட்டுவோம், குழந்தையைத் தோளில் தூக்கி ஆட்டுவோம், அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆனால் கூரை ஒன்பதரை, பத்து அடி இருக்கும் வீட்டில் சாதாரண விசிறியையே சிறிய குழாயில் மாட்டினால் போதும். இறக்கைக்கு மேலே ஓர் அடியாவது இடம் இருந்தால்தான் அது காற்றை இழுத்துக் கீழே தள்ளும். கூரையோடு ஒட்டிவிட்டால் சத்தம்தான் மிச்சம். ஷீட் வீட்டில் இது இன்னும் மோசம். வெந்துகொண்டிருக்கும் ஷீட்டுக்கு அடியிலிருந்தே காற்றை எடுத்து நம் தலையில் கொட்டும். அங்கே சுவருக்குச் சுவர் இரும்பு ஆங்கிள் போட்டு, அதிலிருந்து இறக்கி மாட்டுவதே முறை. ஷீட்டுக்கு அடியில் அடிக்கும் தெர்மாகோலிலோ, ஜிப்சம் போர்டிலோ திருகாணி போட்டு மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு கிலோ எடையுள்ள பொருள் நாளெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? கான்கிரீட் கூரையானாலும் மரக்கட்டை அடைத்துத் திருகாணி போடுவது ஆகாது. பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். துளை போடும் இடத்தில் வயர் பைப் ஓடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு மின்னுகிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அது விளக்கின் குற்றம் அல்ல. கம்பி போதாமல் விளக்கையும் விசிறியின் ரெகுலேட்டர் வழியாகவே கொடுத்திருப்பார்கள். எல்.ஈ.டி. விளக்கு அதைத் தாங்காது. ரிமோட்டில் ஓடும் புது ரக விசிறிக்கும் ரெகுலேட்டர் ஆகாது, அதை எடுத்துவிட வேண்டும். வீட்டில் இரவு பீஸ் வேலை தைக்கும் பெண்கள் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மின்னுகிற வெளிச்சத்தில் ஓடும் சக்கரம் நிற்பது போலத் தெரியும்.

இனி வீட்டுக்காரர் விஷயம். எங்கள் ஓனர் கன்னடக்காரர், கீழ்த்தளத்தில் இருக்கிறார். விசிறி மாற்றியதை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். கூரையில் துளை என்றால் இன்னும் எவ்வளவு பிடிப்பாரோ என்று பயம். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் மறைத்து மறைத்து வேலை செய்துகொள்கிறோம். அவசரமாக, மலிவாக, ஓனர் ஊருக்குப் போன நாளாகப் பார்த்து. என் கருத்து இதுதான்: கொக்கியும் எர்த் கம்பியும் சுவரைப் போல, கூரையைப் போல, வீட்டின் பாகம். அதைச் சரியாக வைத்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. விசிறி நம்முடையது, போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசிவிட வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த காலத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

மனைவி கையில் கட்டோடு இருந்தபோது வேறு வழியில்லாமல் கீழே போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், ஆனால் நான் நினைத்ததற்காக அல்ல. "மொதலே ஹேளபார்தா?" முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று. மறுநாள் பர்மிட் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரை அவரே அழைத்து வந்தார். அந்த ஆள் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் மெயினை அணைத்தார். போர்டைத் திறந்து டெஸ்டரால் பார்த்து நியூட்ரல் விவகாரத்தைக் கண்டுபிடித்தார். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு நான்காவது கம்பியை இழுத்தார், பச்சைக் கம்பியை விசிறியின் உடம்பில் கட்டினார். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மெயின் போர்டில் வந்தது. அரை நாள் வேலை. வயரும் ஆர்.சி.சி.பி.யும் ஓனர் கணக்கு, கூலி என் கணக்கு.

ஒரு வீட்டு போர்டில் இப்படி என்றால் மற்ற வீடுகளில் எப்படியோ என்று அவருக்கே தோன்றிவிட்டது. அந்த வாரமே நான்கு வீடுகளைப் பார்த்தார்கள். இரண்டில் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது, மாற்றிவிட்டார்கள். கடைசி மாடி ஷீட் வீட்டை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அங்கே இருக்கும் இரண்டு பெண்களும் காலை எட்டு மணிக்கெல்லாம் ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக வயர்மேன் சொல்லியிருக்கிறார்.