கேன்சல் கால்பேக் கட்டாயமே: செயற்குழுவின் நிலைப்பாடு

லினக்ஸ் கர்னல் 6.17 பதிப்பில் (2025) ஜிபியுவுக்கு ஜாப்களை அனுப்பும் டிஆர்எம் ஷெட்யூலருக்கு, அது கலையும்போது முடியாத ஜாப்களை ரத்துசெய்யும் ‘கேன்சல்_ஜாப்’ கால்பேக் வந்தது. அதை டிரைவர் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாமா என்ற சர்ச்சை உறுப்பினர்கள் அறிந்ததே. நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு எடுத்த நிலைப்பாடு இது.

1. இனி எழுதப்படும் ஒவ்வொரு கிராபிக்ஸ் டிரைவரிலும் இந்தக் கால்பேக் இருக்க வேண்டும். பழைய டிரைவர்களுக்கு நியாயமான அவகாசம் தரலாம். எவ்வளவு காலம் என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

2. “மாட்யூலைக் கழற்றும்போதுதானே ஷெட்யூலர் கலைகிறது, கொஞ்சம் மெமரி கசிந்தால் என்ன?” என்ற வாதத்தைக் குழு ஏற்கவில்லை. ஒரு ஹார்டுவேர் ரிங்குக்கு ஒரு ஷெட்யூலர் என்றிருந்த காலத்தில் அதற்கு ஓரளவு இடமிருந்தது. இன்று பல ஜிபியுக்களில் ஜாப்களுக்கு முறை வகுப்பது ஃபர்ம்வேர். எக்ஸ்இ, நூவோ, பான்தோர் போன்ற டிரைவர்களில் பயனர் நிரல் திறக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஷெட்யூலர். ஒரு கேமை மூடினாலே ஷெட்யூலர் கலைகிறது. அப்போது முடியாத ஜாப்களை அப்படியே விட்டால் மெமரி கசிவதோடு நிற்காது; அவற்றின் ஃபென்ஸ்களும் சிக்னல் ஆகாமல் கிடக்கும். ஃபென்ஸ் என்பது ‘ஜாப் முடிந்ததும் தெரிவிப்பேன்’ என்று வெளியே கொடுத்த வாக்கு. கம்போசிட்டரும் வேறு டிரைவரும் அதை நம்பிக் காத்திருக்கலாம். மெமரியை மீட்கும் கர்னல் பகுதிகூடக் காத்திருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்து போவதை வடிவமைப்பு என்று அழைக்க எங்களால் முடியாது. இந்தச் சிக்கலைத்தான் இத்தனை காலம் ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாக ஒட்டுப்போட்டுச் சமாளிக்க விட்டோம். போதும்.

3. ரத்துசெய்யும் படிகளின் வரிசை மாறக்கூடாது. ஹார்டுவேர் அந்த மெமரியைத் தொடாது என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் கேன்சல்_ஜாப், ரத்துக்கான பிழைக்குறியுடன் ஹார்டுவேர் ஃபென்ஸை சிக்னல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகே ஜாப்பை விடுவிக்கும் ஃப்ரீ_ஜாப். கேன்சல்_ஜாப் எதையும் விடுவிக்கக்கூடாது. முடியாத ஜாப்பை முடிந்ததாகக் காட்டுவது பொய். அதற்கு விதிவிலக்கு இல்லை.

4. ஷெட்யூலரைக் கலைக்கும் முன் எல்லா ஜாப்களும் முடியும்வரை காத்திருக்கும் முறையைக் குழு முற்றாக நிராகரிக்கவில்லை. குறுகிய ஜாப்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் கொல்லப்பட்ட புராசஸ் ஜிபியுவின் தயவில் தொங்கக்கூடாது.

5. ஆவணப்படுத்தலும் சோதனைகளும் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் கால்பேக் இல்லாத புதிய டிரைவருக்கு எங்கள் உறுப்பினர்கள் ஒப்புதல் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.