பழைய காருக்கு எந்தப் பெட்ரோல்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லி சாலையில் நின்றால் சில சமயம் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கூரையில்லாத குட்டிப் பந்தயக் கார் ஒன்று, பாட்டி வீட்டுப் பித்தளைக் கூஜா போலப் பளபளத்துக்கொண்டு, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போகும். சிறுவர்கள் கை தட்டுவார்கள். காரின் சொந்தக்காரருக்கோ ஒரே கவலை. இதற்கு எந்தப் பெட்ரோல் போடுவது?

பணக்காரர் கவலை நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீட்டு வாசலில் நிற்கிறதே பழைய ஸ்கூட்டர், அதற்கும் இதே கேள்விதான்.

சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயக் கார்கள் சீறிய நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நம் சென்னையிலேயே தயாராகத் தொடங்கியது. அதன் உடன்பிறப்புதான் இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயக் கார். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சினில் 'டக் டக்' என்ற தட்டல் வராமல் அது தடுத்தது. வால்வு உட்காரும் இடம் தேயாமலும் காத்தது. ஆனால் ஈயப் புகை குழந்தைகளின் மூளைக்கு விஷம். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் அது நின்றது. நல்லதே! வால்வு தேய்மானத்துக்கு மாற்று உண்டு. கடினமான எஃகு வளையம் பொருத்திக்கொள்ளலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் கடைசல் பட்டறைக்கா பஞ்சம்?

அடுத்தது ஆக்டேன். எண் கூடினால் வண்டி பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அழுத்தும்போது முன்கூட்டியே வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கே அந்த எண். பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவை கலவையை ஏழு, எட்டு மடங்குதான் அழுத்துகின்றன. அவற்றுக்கு 100 ஆக்டேன், பச்சைக் குழந்தைக்குப் பிரியாணி!

உண்மையான சங்கடம் எத்தனால்தான். 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பரவியது. கரும்பு, மக்காச்சோளம் விளைவிக்கும் விவசாயிக்கு வருமானம். அந்நியச் செலாவணியும் மிச்சம். இதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரில் தண்ணீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கித் துரு ஏற்றும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பி வெடிக்கும். பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்தியே அதில் இருப்பதால், பழைய கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டிவரும். சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று மத்திய சர்க்காரே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

எனவே பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் குழாய்களை மாற்றுங்கள். டாங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். எத்தனால் கலவாத பெட்ரோல் கிடைத்தால், பங்க்கில் கேட்டு உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

ஆனால் 100 ஆக்டேன் போன்ற உயர்ரகப் பெட்ரோலின் விலை சாதாரணத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பந்தயக் கார்க்காரர் கொடுப்பார். பழைய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் ஆவடித் தொழிலாளி எங்கே போவார்? எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. கோர்ட்டு கதவு மூடினாலும் சர்க்காரின் கதவு மூடவில்லையே!

2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிப் பதிவான பழங்கால வண்டிகள் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுதல் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே சாலையில் வரலாம். பெட்ரோல் போட அனுமதி கொடுத்தவர்கள், ஏற்ற பெட்ரோலையும் கொடுக்க வேண்டாமா? ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனால் எவ்வளவு என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். புறநகர்ப் பகுதிக்கு ஒரு பங்க்கிலாவது கலப்பில்லாத பெட்ரோலை நியாய விலையில் கொடுங்கள்.