தம்பியா? நீதியா?

1066ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் களத்திலே இங்கிலாந்தின் மன்னன் ஹரோல்ட் வீழ்ந்தான். அவனோடு ஆங்கிலோ-சக்சன் அரசும் வீழ்ந்தது. முந்திய ஆண்டிலே தன் தம்பி தொஸ்திக்கைக் கைவிட்டமையே அவனது அழிவுக்கு வித்து என்று கூறுவாருளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வித்து பத்தாண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது.

எட்வேட் மன்னனின் ஆட்சியில் முடி ஒருவன் தலையிலும், அதிகாரம் சில குடும்பங்களின் கையிலும் இருந்தன. தெற்கே வெசெக்ஸில் கொட்வின். நடுநாடாகிய மேர்சியாவில் லியோப்ரிக். வடக்கே நோர்தம்பிரியாவில் சிவார்ட். 'ஏர்ல்' என்னும் பட்டந் தாங்கி இவர்கள் மாநிலங்களை ஆண்டனர். 1051இல் மன்னனோடு பகைத்துக் கொட்வினும் மைந்தரும் நாடு நீங்கினர். 1052இல் கப்பற்படையோடு மீண்டனர். ஈராண்டும் படைகள் எதிரெதிர் நின்றும் போர் மூளவில்லை. தம்முள் தாமே மடிந்தால் அந்நியனுக்கு வாயில் திறந்துவிடும் என்று அஞ்சினர் எனக் காலவரலாற்றேடு கூறுகின்றது.

அந்த நல்லறிவு நிலைக்கவில்லை. 1055இல் சிவார்ட் இறந்தான். அவன் மகனோ சிறுவன். மன்னனின் மைத்துனனும் ஹரோல்டின் தம்பியுமாகிய தொஸ்திக் வடபுலத்தின் தலைவனாக்கப்பட்டான். அதே ஆண்டில் லியோப்ரிக்கின் மகன் எல்ப்கார் நாடு கடத்தப்பட்டான். அவன் வேல்ஸ் மன்னனோடு கூடி ஹியர்போர்ட் நகரை எரித்துப் பதவியை மீட்டான். ஒரு வீட்டின் வளர்ச்சி நாட்டின் வளர்ச்சியாகுமா என்று அன்று கேட்டார் எவர்?

தொஸ்திக்கின் ஆட்சியோ கொடுமையாயிற்று. பெருவரி விதித்தான். சமாதான உறுதியை நம்பி யோர்க் நகருக்கு வந்த பிரபுக்கள் இருவர் அவனது அறையிலேயே கொல்லப்பட்டனர் என்று வோர்செஸ்டர் ஜோன் எழுதுகின்றார். 1065 ஒக்டோபரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; எல்ப்காரின் மகன் மோர்க்காரைத் தலைவனாகத் தெரிந்தனர். நோர்தம்ப்டன் புறத்தில் அவர்கள் வீடுகளையும் தானியத்தையும் எரித்தது குற்றமே. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அவர்கள் வேண்டியது தனியரசன்று. தாம் தெரிந்த தலைவனை மன்னன் ஏற்கவேண்டும், கனூட் மன்னன் காலத்துச் சட்டம் மீண்டும் நிலவவேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை.

ஹரோல்ட் அதற்கு இணங்கினான். தம்பி நாடு கடந்தான். இது துரோகமா? தம்பிக்காக வாளெடுத்திருந்தால் வடக்கும் தெற்கும் அன்றே பொருதி அழிந்திருக்கும். இணங்கியதன் பயனைப் புல்போர்ட் களம் காட்டுகின்றது. 1066 செப்டெம்பர் 20இல், நோர்வே மன்னனை அழைத்துவந்த தொஸ்திக்கை எதிர்த்து, ஹரோல்டின் அரசுக்காக அந்த மோர்க்காரே தன் தமையன் எட்வினோடு நின்று போரிட்டான், தோற்றான். ஐந்தாம் நாள் ஸ்டாம்போர்ட் பாலத்தில் ஹரோல்ட் வென்றான், தொஸ்திக் மாண்டான். மூன்றே நாளில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் தெற்கே கரையிறங்கினான்!

1086இல் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கில், மன்னனிடம் நேரே பெருநிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர் இருவரே. கொட்வின் வீடும் இல்லை. லியோப்ரிக் வீடும் இல்லை.

ஹரோல்ட் நீதிக்குத் தலைவணங்கியது பிழையன்று. பத்தாண்டு பிந்தியதே பிழை. காலத்தில் வழங்கப்படும் நீதி நாட்டுக்கு அரண். காலங்கடந்து வழங்கப்படும் நீதி இடிந்த கோட்டைக்குப் பூட்டிய கதவு.