கரு கலைந்தால் பெண்தான் குற்றவாளியா?

புதுச்சேரி கதிர்காமத்தில் அரசாங்கம் 2010ஆம் ஆண்டில் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிற்று. வழுதாவூர் சாலையில் போகின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கின்றார்கள். ஆனால் வீட்டு மருமகளுக்கு இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ கரு கலைந்துவிட்டால் மட்டும், அவள் உடம்பு தேறுவதற்கு முன்பாகவே விசாரணை ஆரம்பித்துவிடுகின்றது. பப்பாளி தின்றாளா, கிரகணத்தில் வெளியே வந்தாளா, உச்சிவேளையில் புளியமரத்தடியில் நின்றாளா என்று மாமியார் கேட்கின்றார். ஜோசியன் வந்து நாகதோஷம் என்கின்றான். இரண்டாம் முறையும் கலைந்தால் “தங்காத வயிறு” என்று பட்டம். மூன்றாம் முறை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு. இத்தனையிலும் அந்த மகனை நோக்கி ஒரு கேள்வியாவது உண்டா என்று கேட்கின்றோம்.

சங்கதி இதுதான். மனித உடம்பின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டு. தாய் பங்கு 23, தகப்பன் பங்கு 23. இந்த எண்ணிக்கையே 1956இல்தான் சரியாகக் கண்டறியப்பட்டது. கருமுட்டையோ விந்தணுவோ உண்டாகும்போது பங்கு பிரிவதில் பிழை நேர்ந்தால் கருவில் 47 ஆகலாம், 45 ஆகலாம்; ஒரு முழுப்பங்கே கூடி 69 ஆவதும் உண்டு. இப்படிப்பட்ட கரு பெரும்பாலும் வளரமாட்டாமல் நின்றுவிடும். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் இதுவே. நாள் தள்ளிப்போயிற்று என்று அவளுக்கே தெரியாத காலத்தில் நடந்துவிட்ட காரியத்துக்கு, பிறகு வந்த கிரகணம் எப்படி ஜவாப்தாரியாகும்?

இந்தப் புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டிலே பூவே என்னும் தம்பதியர் கலைந்த கருக்கள் சுமார் 1,500ஐச் சோதித்து 1975இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 61இல் குரோமோசோம் கோளாறு இருந்தது. பாரிசு மாமியார்கள் ராகுவையும் அறியார், கேதுவையும் அறியார். நம்முடைய ராகு கப்பலேறி அங்கும் போய்விட்டாரா?

“பரிகாரம் செய்த பிறகு பிள்ளை பிறந்ததே” என்பார்கள். பிறக்கும், ஏன் பிறக்காது? மேற்சொன்ன பிழை பெரும்பாலும் அந்த ஒரு கருவோடு போகின்றது. ஒருமுறை கலைந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்த கரு ஒரு பரிகாரமும் இன்றியே நிற்கின்றது. மூன்று முறை கலைந்தவர்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டவர்கள் பின்னர் பிள்ளை பெறுகின்றார்கள். தானாகப் பிறக்கவிருந்த பிள்ளைக்குத் தரகு வாங்குகின்றவனே ஜோசியன். பிறந்தால் பரிகாரத்தின் மகிமை, பிறக்காவிட்டால் அவள் கர்மம்! இப்படி நஷ்டமே இல்லாத வியாபாரம் நம் பெரிய மார்க்கெட்டிலும் கிடையாது.

பெண்ணுக்கு 35 வயது தாண்டினால் இப்பிழை கூடுகின்றது என்பது வாஸ்தவம். “பார்த்தீர்களா, பெண்தானே!” என்று துள்ளவேண்டாம். அவளுடைய கருமுட்டைகள் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டானவை. அவளுக்கு வயதாக அவற்றுக்கும் வயதாகின்றது. இதில் அவள் செய்த குற்றம் என்ன? அன்றியும் திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகள் சிலரில், ஒருவருக்குக் குரோமோசோம் துண்டு ஒன்று இடம் மாறி ஒட்டியிருக்கும். அவர் உடம்பில் வெளிக்கு ஒரு குறையும் தெரியாது. அவர் ஆணாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவனுக்கு நான்கு பெண்களைக் கட்டிவைத்தாலும் அந்தக் கோளாறு நான்கு மணவறைக்கும் கூடவே வரும்!

வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு, சர்க்கரை, இரத்தம் உறைவதில் கோளாறு, கருப்பையின் அமைப்பு ஆகியவை சோதித்து அறியத்தக்கவை. பலவற்றுக்கு வைத்தியமும் உண்டு. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் மாதங்களில் அந்த வைத்தியம் அல்லவா வீணாகத் தள்ளிப்போகின்றது?

கரு கலைந்த வேலைக்காரப் பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. வீட்டில் அவளுக்கு ஆறு நாள் உண்டா? மறுநாளே அடுப்படி, அதன்பின் அரசமரத்தைச் சுற்று என்ற உத்தரவு!

இரண்டு முறை கலைந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருமகளை மட்டும் அனுப்பாதீர்கள். குரோமோசோம் சோதனைக்கு இருவர் இரத்தமும் வேண்டும். மகனும் கையை நீட்டட்டும், ஊசி அவருக்கு ஒன்றும் அதிகமாக வலித்துவிடாது.