விடுதிக்கு வெளியேயும் கடை உண்டு!

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், கோலோலி கடற்கரைக்குச் சுற்றுலா செல்ல எண்ணும் வணிக அன்பர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழையில்லாக் காலத்தில் செல்வது நலம். புறப்படுவதற்கு 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெறுங்கள். இல்லையேல் திரும்பும்போது 6 நாள் வரை தனி வார்டில் இருக்க நேரும்.

விடுதியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சாப்பாடு, குளிர்பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் விடுதியில் தங்குபவர் வெளியே காசு செலவழிப்பதில்லை. வாசலில் பழம் விற்பவர், பெட்டிக்கடைக்காரர் பிழைப்பு என்னாவது? அந்நாட்டு அரசு 1999-இல் இம்முறையைத் தடை செய்தது. ஓராண்டு கழித்து விலக்கிக்கொண்டது. அரசு கைவிட்டதை நாம் செய்வோம். அறைக்கு மட்டும் பணம் கட்டி, மற்றதை வெளிக்கடையில் வாங்குவோம். கல்லாப்பெட்டி காலியாகக் கிடக்கும் வேதனை நமக்குத் தெரியாததா?