பெயருக்குள் ஒரு தாய்

எந்த ஆகாரத்தில் எவ்வளவு சத்து என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகங்களில் ‘மக்கான்ஸ் - விடோசன்’ என்ற இரட்டைப் பெயர் கண்ணில் படும். இதில் விடோசன் என்பவர் பெண்மணி, எல்சி விடோசன். இங்கிலாந்திலேயே அத்தனை சகஜமாகக் கேட்காத குடும்பப் பெயர். அர்த்தம் என்ன தெரியுமா, சகோதரிகளே? ‘விதவையின் மகன்’!

‘விடோ’ என்றால் விதவை, ‘சன்’ என்றால் மகன். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘விதவை’யும் அவர்களுடைய ‘விடோ’வும் ஒரே பழைய வேரில் கிளைத்தவையாம். ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைத்தது ஏறக்குறைய 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள். ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று சொல்ல வேண்டாமா? தச்சர் ஜான், ராபர்ட் மகன் ஜான் என்றார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு? அந்தக் காலச் சட்டப்படி புருஷன் இருக்கும்வரை மனைவிக்குத் தனிச் சொத்து கிடையாது. அவன் போய்விட்டாலோ, அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் ஆயுள் வரைக்கும் அவளுக்கு. நிலத்தைப் பார்ப்பதும், வழக்கு வந்தால் மன்றத்தில் நிற்பதும் அவள்தான். ஆகவே அக்கம்பக்கத்தார் வாயில் அவன் ‘விதவை மகன் ஜான்’. 1377-இல் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 4 பென்ஸ் வரி போட்டார்கள். இப்படிப்பட்ட பட்டியல்களில் ஏறிய பெயர்கள் பேரன், கொள்ளுப்பேரன் என்று தொடர்ந்துவிட்டன. மெக் என்ற தாயின் பெயரால் மெக்சன், மட்டில்டாவால் டில்லட்சன் என்றெல்லாமும் உண்டு.

நம் பக்கம் ‘கைம்பெண்டாட்டி’ என்ற சொல் சிதைந்து ‘கம்மனாட்டி’ என்று வசவாகிவிட்டதே, அதை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

எல்சி அம்மாள் (1906–2000) மக்கான்ஸைச் சந்தித்தது 1933-இல், லண்டனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில்! உணவுகளின் சத்துக் கணக்குப் புத்தகம் 1940-இல் வெளிவந்தது. யுத்த சமயத்தில் ரொட்டி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று தாங்களே சாப்பிட்டுச் சோதித்தார்கள். பிறகுதான் ரொட்டி மாவில் சுண்ணாம்புச் சத்து சேர்க்க ஏற்பாடாயிற்று.

தங்கை ஈவா தேனீ ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர். கல்யாணமாகி ஈவா க்ரேன் ஆனார். எல்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2015-இல் வந்த பதிப்பின் அட்டையிலும் விடோசன் இருக்கிறது.