அலங்கார பக்தி

பழைய சாமான்களிடம் பக்தி கொண்டவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கும்பிட்டே கொன்றுவிடுகிறவர்கள் அவர்கள்.

பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், டூலான் துறைமுகத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் பித்தளையில் செய்த வட்டப் பெட்டி ஒன்று பளபளத்தது. அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் மடிப்பு மடிப்பாய் ரப்பர்க் குழாய்கள் வளைந்து வந்து நடுவில் கூடின. பெட்டியின் வயிற்றைக் குடைந்து உள்ளே ஒரு மின்சார பல்பைப் பொருத்தியிருந்தார் கடைக்காரர்.

"குஸ்தோ காலத்துச் சரக்கு! எவ்வளவு அழகு, பார்த்தீர்களா?" என்றார் பெருமையோடு.

என்னை அழைத்துப் போயிருந்த பெரியவர் நாற்பது வருஷம் கடலில் முழுகியவர். அழகைப் பற்றி அவர் பேசவில்லை. "உள்ளே இருந்த நெம்புகோல்கள் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"அதுவா? குப்பையில் போட்டாயிற்று."

பெரியவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அவருக்கு அவ்வளவு கோபம் வருவானேன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு எனக்கும் வந்தது. இந்தக் கட்டுரையே அந்தக் கோபந்தான்.

அந்தப் பெட்டி கடலுக்கடியில் மூச்சு விட உதவும் கருவி. முதுகில் கட்டிய சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை, முழுகுகிறவன் இழுக்கும்போது மட்டும், அவன் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் தருவது. சிலிண்டரில் இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கிற சாதாரணக் காற்று. 'பிராணவாயு உருளை' என்று எழுதிவிடும் பத்திரிகை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனிப் பிராணவாயு சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் வலிப்பை உண்டாக்கிக் கொல்லக்கூடியது. குஸ்தோவே அப்படி வலிப்புக் கண்டு பிழைத்தவர்.

யுத்த காலத்தில் பிரான்ஸில் பெட்ரோல் கிடையாது. மோட்டார் வண்டிகள் கரிவாயுவில் ஓடின. அந்த வாயுவை அளந்து கொடுக்க ஒரு வால்வு செய்தார் எமில் கன்யான் என்ற எஞ்சினியர். கடற்படை அதிகாரியான ஜாக் குஸ்தோவுக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஒரு வால்வுதான். இருவரும் சேர்ந்து செய்த முதல் கருவியை 1943 ஜனவரியில், பாரிஸுக்கு வெளியே மார்ன் நதியில், குளிரில் இறங்கிச் சோதித்தார்கள்.

சோதனை தோல்வி. படுத்தால் சரியாக இருந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சே வரவில்லை.

காரணம் என்ன? காற்றைக் கொடுக்கும் ரப்பர்ச் சவ்வு முதுகில் இருந்தது. விட்ட மூச்சு வெளியேறும் வாசல் வாயருகே இருந்தது. இரண்டுக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம். தண்ணீரில் அந்த ஒரு சாணுக்கும் அழுத்தம் உண்டு. என்ன செய்தார்கள் தெரியுமா? விட்ட மூச்சை இன்னொரு குழாய் வழியாக முதுகுக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சவ்வின் பக்கத்திலேயே வெளியேற்றினார்கள். உடம்பு எப்படிப் புரண்டாலும் இரண்டும் ஒரே மட்டம். தீர்ந்தது சங்கடம். அந்த வருஷக் கோடையிலேயே மத்திய தரைக்கடலில் குஸ்தோ முழுகி எழுந்தார்.

ஆக, அந்த இரண்டாவது குழாய் அழகுக்காக வந்ததல்ல. ஒரு தோல்விக்குக் கிடைத்த விடை அது. அந்த விடை இருந்த இடத்தில்தான் காப்பிக் கடைக்காரர் பல்பை வைத்தார்!

விளக்குக்காரரையாவது ரசனைக் குறைவு என்று மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார். அவர் புத்திசாலி. "பழசு ஐயா, ஆபத்து! கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்" என்பார். ஏன் ஆபத்து என்று கேட்டால், பழசு என்பதே பதில்.

நியாயமான பகுதியை நான் மறுக்கவில்லை. 1952-இல் ஆஸ்திரேலியாவில் டெட் எல்ட்ரெட் ஒற்றைக் குழாய்க் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சவ்வும் மூச்சு வெளியேறும் வாசலும் வாயருகிலேயே வந்துவிட்டன. விலை மலிவு, கையாள எளிது, துணைக்கு வருகிறவனுக்கு இன்னொரு குழாயும் இணைக்கலாம். பிற்பாடு உலகம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது நியாயந்தான். புதிதாக முழுகக் கற்பவனுக்கு நானும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்தப் பெரியவரின் கொட்டகையில் ஒரு காலை நேரம் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரட்டைக் குழாய்க் கருவியை அவர் கடலுக்குத் தயார் செய்ததைப் பார்த்த பிறகு, 'பழசு' என்ற ஒற்றை வார்த்தையால் என்னை யாரும் பயமுறுத்த முடியாது.

குழாயை இழுத்து விரித்து ஒவ்வொரு மடிப்பின் இடுக்கிலும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே வாத்தின் அலகு போல ஒரு ரப்பர் வால்வு. விட்ட மூச்சை வெளியே விடும். தண்ணீரை உள்ளே விடாது. பழைய ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் புதிய சிலிக்கோனில் செய்ததை மாட்டியிருந்தார். சவ்வும் புதிது. பித்தளையும் நெம்புகோல்களும் மட்டுமே பழசு. பிறகு சிலிண்டரைத் திறக்காமலே வாயில் வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. வராததுதான் சரி. வந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மானி பெரும்பாலும் கிடையாது. காற்று குறைந்ததும் ஒரு ஸ்பிரிங் வழியை அடைக்கும், மூச்சு இறுகும், பக்கத்திலுள்ள கம்பியை இழுத்தால் கடைசிப் பங்கு காற்று வரும். அதைக் கொண்டு மேலே வந்துவிட வேண்டும். அந்தக் கம்பி தற்செயலாக முன்பே இழுபட்டிருந்தால் எச்சரிக்கையே கிடைக்காது. பெரியவர் அதை நம்பாமல் புதிய அழுத்தமானி ஒன்றை இணைத்திருந்தார்.

"பழமைக்கு இது துரோகம் அல்லவா?" என்று சீண்டினேன்.

"செத்துப்போவதுதான் விசுவாசமா?" என்றார்.

இதைவிட நல்ல பதிலை எந்தப் பண்டிதரிடமும் நான் கேட்டதில்லை.

பிறகு என்னையும் மார்பளவுத் தண்ணீரில் மண்டியிட வைத்தார். தொந்தி விழுந்த நாவலாசிரியன் கடலில் மண்டியிட்ட காட்சியைப் பார்த்துக் கரையிலிருந்த குழந்தைகள் சிரித்தார்கள். தலை முழுகியதும் சிரிப்பு நின்றுபோயிற்று. வலக்குழாயில் காற்று வந்தது, இடக்குழாயில் போயிற்று. குமிழிகள் தலைக்குப் பின்னால் எழுந்து போனதால் கண்ணெதிரே தெளிந்த நீர். காதில் இரைச்சல் குறைவு. குப்புறப் படுத்தால் சவ்வு நெஞ்சைவிட மேலே வந்து மூச்சு சற்று இறுகியது. மல்லாந்தால் காற்று தானாகவே வாயில் பொழிந்தது. குழாயில் தண்ணீர் புகுந்தால் இடப்பக்கம் சாய்ந்து ஊத வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார். மார்ன் நதியின் பாடத்தை என் நெஞ்சுக்கூடே ஐந்து நிமிஷத்தில் படித்துவிட்டது. எந்த அருங்காட்சியகத்தில், எந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று இதைப் படித்திருப்பேன்?

ஆபத்து ஆபத்து என்கிறவர்களுக்கு ஒரு மரணத்தை நினைவூட்டுகிறேன். 1947-இல் குஸ்தோவின் தோழர் மோரிஸ் ஃபார்க் ஆழச் சோதனையில் இறங்கினார். 120 மீட்டரில் கயிற்றில் கட்டியிருந்த பலகையில் கையெழுத்திட்டார். உணர்விழந்த நிலையில் மேலே இழுக்கப்பட்டார். வாயில் இருக்க வேண்டிய துண்டு மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கொன்றது பழைய கருவியா? அன்று அது புத்தம் புதியது! ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் மூளைக்கு ஏற்றும் போதைதான் அவரைக் கொன்றது. அன்றைக்கு அளவு தெரியவில்லை, இன்றைக்குத் தெரியும். ஆபத்து கருவியின் வயசில் இல்லை ஐயா, முழுகுகிறவனின் அறியாமையில் இருக்கிறது. நேற்றுக் கடையில் வாங்கிய கருவியும் அறியாதவனைக் கொல்லும்.

நமக்கும் இந்தக் கருவிகளின் காலத்துக்கும் ஒரு கடன் உண்டு. 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலையில், சுவாமிமலைப் பாறையடியில் முழுகினார்கள். போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களை அங்கே கண்டார்கள். கரையிலிருந்து கைகூப்பியவர்கள் முந்நூறு வருஷம் காணாததை, இறங்கிப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பித்தளை அழிவதில்லை. சுவரிலே மாட்டினாலும் நூறு வருஷம் இருக்கும். அழிவது அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த விரல்களின் ஞாபகம். அந்தப் பெரியவருக்குப் பின் அந்த ஊரில் அது தெரிந்தவர் ஒரே ஒரு பையன். அவனையும், 'பழசு, ஆபத்து' என்று கரையில் நிறுத்தி வைக்கப் பார்க்கிறார்கள்.

அவன் கற்றுக்கொள்ளட்டும், விடுங்கள். விளக்குக்கு ஊரில் வேறு பல்பு கிடைக்கும்.